இரண்டாவது லொறி

எங்கள் லயத்தில் வீட்டுக்கு வீடு, சுவரில் அடித்த ஆணியில் ஒரு கொப்பி தொங்கும். பள்ளிக்கூடக் கொப்பிதான், ஆனால் உள்ளே பாடம் இருக்காது. மா 2, சீனி அரை, பருப்பு கால், மண்ணெண்ணெய் 1 போத்தல், சவர்க்காரம் 1. திகதி இருக்கும், சாமான் இருக்கும். விலை மட்டும் இருக்காது. அது சம்பள நாளன்று கடைக்காரர் வாயிலிருந்து வரும்.

பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வளர்ந்தவன் நான். பெருக்கல் கணக்குப் படித்த புதிதில் ஒரு மாதக் கொப்பியைக் கூட்டிப் பார்த்தேன். மாதக் கடைசியில்தான் சீனி விலை ஏறியிருந்தது. முதல் வாரத்தில் வாங்கிய சீனிக்கும் அந்தப் புது விலையே போடப்பட்டிருந்தது. அம்மாவிடம் சொன்னேன். அம்மா கொப்பியை மூடி ஆணியில் மாட்டினார். "பேசாம இரு. நாளைக்கு மாவுக்கு யார்கிட்ட போய் நிப்ப?"

அந்தக் கேள்வியை நான் பல வருடங்களாகச் சுமந்து திரிகிறேன். பின்னாளில் சட்டப் புத்தகங்களைப் புரட்டியபோது தெரிந்தது, அம்மா கேட்டது வீட்டுக் கேள்வி மட்டுமல்ல. விலையைப் பற்றியும் போட்டியைப் பற்றியும் இந்த நாட்டில் எழுதப்பட்ட சட்டங்கள் பலவும் முட்டுப்பட்டு நிற்பது அந்த இடத்தில்தான்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை உருவானது. பொதிகளில் விலையும் நிறையும் எப்படிக் குறிக்கப்பட வேண்டும் என்று பணிக்க 10ஆம் பிரிவு அதற்கு அதிகாரம் தருகிறது. கையில் சாமானை வைத்துக்கொண்டு விற்க மறுப்பதை 15ஆம் பிரிவும், பதுக்குவதை 17ஆம் பிரிவும் தடுக்கின்றன. உச்ச விலை நிர்ணயிக்கும் அதிகாரம் 20ஆம் பிரிவில் இருக்கிறது. கடையில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் விலைப்பட்டியல் தொங்க வேண்டும் என்பது 26ஆம் பிரிவு. 28ஆம் பிரிவு பற்றுச்சீட்டைப் பற்றியது: திகதி, அளவு, விலை எழுதிய பில்லை வியாபாரி கொடுத்தாக வேண்டும். எப்போது? வாங்குபவர் கேட்கும்போது.

'கேட்கும்போது' என்ற அந்த ஒரு சொல்லில் எங்கள் லயம் முழுவதும் வெளியே நிற்கிறது. பதுளை நகரில் பஸ் நிலையத்தைச் சுற்றி இருக்கும் கடைகளில் பில் கேட்பது பெரிய காரியமல்ல. முறைத்தால் அடுத்த கடைக்குப் போய்விடலாம். சுப்பர் மார்க்கெட்டில் கேட்காமலே இயந்திரம் பில்லைத் துப்பிவிடுகிறது. தோட்டத்துச் சந்தியில் இருப்பதோ ஒரு கடை. அந்தக் கடைதான் சம்பளம் வரும்வரை சோறு போடுகிறது. மழை விடாமல் பெய்து வேலை நாள் குறைந்த மாதத்தில் பாக்கியைத் தள்ளி வைக்கிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரி போகக் கைமாற்றும் தருகிறது. அந்த மனிதரிடம் "பில் தாங்க" என்று சொன்னால் "உங்களை நம்பவில்லை" என்று சொன்னதாகிவிடும். டவுனுக்குப் போய் வாங்கலாம் என்றால் பஸ் காசு போக மிச்சம் ஒன்றுமில்லை. அன்றைய பேரும், அதாவது ஒரு நாள் கூலியும், போய்விடும்.

இதில் கடைக்காரரை வில்லனாக்கி முடித்துவிட எனக்கு மனமில்லை. அவருக்கு மேலே ஒரு மொத்த வியாபாரி, அவருக்கும் மேலே ஓர் ஆலை என்று ஏணி நீள்கிறது. அரிசியை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 செப்டெம்பர் தொடக்கத்தில் அவசரகால ஒழுங்குவிதிகளின் துணையோடு அரிசிக்கு உச்ச விலை விதிக்கப்பட்டது. அதே மாதம் 28ஆம் திகதி அது நீக்கப்பட்டது. உடனே பெரிய ஆலை உரிமையாளர்கள் ஊடகங்களுக்கு முன்னால் அமர்ந்து புதிய விலைகளை அறிவித்தார்கள்: நாட்டரிசி 115 ரூபாய், சம்பா 140, கீரி சம்பா 165. அரசாங்கம் கைவிட்ட விலை நிர்ணயத்தை ஒரு சிலர் கூடி எடுத்துக்கொண்டதை நாடே பார்த்தது. போட்டிச் சட்டம் வலுவாக உள்ள நாடுகளில், போட்டியாளர்கள் ஒன்றாக உட்கார்ந்து விலை சொல்வது விசாரணையைத் தொடங்கப் போதுமான காரணம். இங்கே அது செய்தியாளர் சந்திப்பு.

பிறகு 2024 டிசம்பர். சிவப்புப் பச்சையரிசி கடைகளில் அருகிவிட்டது. ஜனாதிபதி ஆலை உரிமையாளர்களை அழைத்துப் பேசினார். வர்த்தமானி வந்தது: நாட்டரிசி மொத்த விலை 225, சில்லறை 230, பச்சையரிசி 215, 220, சம்பா 235, 240, கீரி சம்பா 255, 260. மொத்த விலைக்கும் சில்லறை விலைக்கும் நடுவே கிலோவுக்கு 5 ரூபாய். அந்த ஐந்து ரூபாய்க்குள் ஏற்றுகூலி, இறக்குகூலி, மூட்டையில் சிந்துவது, கடன் கொப்பியில் மாதக்கணக்காக உறங்கும் பணம் எல்லாம் அடங்க வேண்டும். பதுளை டவுனிலிருந்து மேட்டுத் தோட்டத்துக்கு ஓட்டோவில் மூட்டை ஏற்றிய எவருக்கும் அந்த ஐந்து ரூபாய் எவ்வளவு தூரம் போகும் என்று தெரியும்.

சட்டத்தின் கை எட்டுவதும் அந்த ஏணியின் கடைசிப் படியைத்தான். 2021இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி உச்ச விலைக்கு மேல் விற்ற தனிநபருக்கு ஆகக்குறைந்த தண்டமே ஒரு இலட்சம் ரூபாய். ஐந்து இலட்சம் வரை போகலாம். நிறுவனம் என்றால் ஐந்து இலட்சத்திலிருந்து ஐம்பது இலட்சம். கடுமையான தண்டம் தேவைதான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் மொத்த வியாபாரி பில் இல்லாமல் கூட்டி வாங்கிய காசை நீதவான் முன்னிலையில் நிரூபிக்கச் சில்லறைக் கடைக்காரரிடம் காகிதம் ஏது? அவரும் எங்கள் அம்மாவைப் போலவே பில் கேட்க முடியாதவர். கேட்டால் அடுத்த வாரம் மூட்டை வராது. ஆகவே அவர் செய்யக்கூடியது ஒன்றுதான்: அந்த அரிசியை வாங்கி வைப்பதையே நிறுத்துவது. பலகையில் விலை 220 என்று இருக்கும், பலகைக்குக் கீழே சாக்கு வெறுமையாகக் கிடக்கும்.

விலை இருந்தும் சாமான் இல்லாத காலத்தை மலையகம் இதைவிடக் கொடூரமாகப் பார்த்திருக்கிறது. 1973, 74ஐப் பற்றிக் கேட்டால் எங்கள் பெரியவர்கள் இன்றும் குரலைத் தாழ்த்துவார்கள். 1950இலேயே விலைக்கட்டுப்பாட்டுச் சட்டம் வந்துவிட்டது. கூப்பன் அரிசி, கூப்பன் மா என்று பங்கீடும் இருந்தது. எண்ணெய் விலையும் உலகச் சந்தையில் தானிய விலையும் ஏறியபோது பங்கீடு வெட்டப்பட்டது. அரிசியை மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுபோவதற்குத் தடை; வீதியில் மறித்துப் பையைச் சோதித்தார்கள். கிராமத்தவருக்கு வயலோ உறவினர் வீட்டுப் பலா மரமோ இருந்தது. லயத்துக்காரருக்கு இருந்தது கூப்பன் மட்டும். தோட்டங்களில் மரண விகிதம் ஏறியது, மக்கள் பட்டினியால் செத்தார்கள். கட்டுப்பாட்டு விலை காகிதத்தில் ஒரு சதம் கூட மாறாமல் இருந்திருக்கும். அதனால்தான் ஒவ்வொரு முறை உச்ச விலை அறிவிக்கப்படும்போதும் எங்கள் ஆட்கள் கைதட்டுவதில்லை. "சாமான் வருமா?" என்றுதான் கேட்பார்கள்.

அப்படியானால் விலையை விட்டுவிட்டு, விற்பவர்களின் எண்ணிக்கையைச் சட்டம் கவனிக்கலாமே? கவனித்த ஒரு சட்டம் இருந்தது. 1987ஆம் ஆண்டின் நியாய வர்த்தக ஆணைக்குழுச் சட்டம் ஏகபோகங்களையும், நிறுவனங்கள் ஒன்றை ஒன்று விழுங்கி இணைவதையும் விசாரிக்க வழி வைத்திருந்தது. 2003இன் சட்டம் அதை நீக்கியபோது ஏகபோக விசாரணையும் இணைப்புக் கட்டுப்பாடும் அதனோடு சேர்ந்தே போயின. மிஞ்சியது, 34ஆம் 35ஆம் பிரிவுகளில் உள்ள 'போட்டிக்கு எதிரான நடத்தை' பற்றிய விசாரணை. அதிகாரசபை விசாரித்து ஒரு சபைக்கு அனுப்பும், சபை கட்டளையிடும். அரிசி மூட்டைமேல் விழுந்த வேகம் இந்தப் பாதையில் கிடையாது. அயலிலுள்ள இந்தியா 1969இன் ஏகபோகச் சட்டத்தைக் கழித்துவிட்டு 2002இல் போட்டிச் சட்டம் இயற்றி, 2011 முதல் பெரிய இணைப்புகளை முன்கூட்டியே ஆராய்கிறது. நாம் அதற்கு நேர் எதிராக நடந்தோம். அதை ஒரு பெரிய தவறாகவே நான் பார்க்கிறேன். பெரிய ஆலை சிறிய ஆலையை வாங்கும் நாளில் கேட்க ஆளில்லை. அது விலையேறிச் சில்லறைக் கடைக்கு வந்து சேரும் நாளில் சுற்றிவளைப்பு நடக்கிறது.

ஒன்று சொல்லியாக வேண்டும். 35ஆம் பிரிவு விற்பதோடு நிற்கவில்லை. பொருட்களை 'வாங்குவதில்' போட்டியைக் கெடுக்கும் நடத்தையையும் அது உள்ளடக்குகிறது. எங்கள் ஊவா மாகாணத்துக்கு இது சிறிய விஷயமல்ல. இந்த மலையில் பாதிக் கதை நாம் வாங்குவதைப் பற்றியது. மீதிப் பாதி நாம் விற்பதைப் பற்றியது: தேயிலைக் கொழுந்தையும், உழைப்பையும்.

கொழுந்து தேயிலையாகிக் கொழும்பு போய்ச் சேர்ந்த பிறகு அதன் விலையைப் போலத் திறந்த விலை இந்த நாட்டில் வேறெதற்கும் இல்லை. 1883 ஜூலை 30 அன்று தொடங்கிய கொழும்பு தேயிலை ஏலம் இன்றும் வாராவாரம் நடக்கிறது. தரகர்கள் பட்டியல் அச்சிடுகிறார்கள். மாதிரிகள் முன்கூட்டியே வாங்குபவர்களுக்குப் போகின்றன. உறிஞ்சிச் சுவைத்துப் பார்த்த பிறகே விலை கூறுகிறார்கள். 2020 ஏப்ரலில் கொவிட் முடக்கத்தின்போதும் ஏலம் நின்றுவிடவில்லை, இணையத்துக்கு மாறியது. எந்தத் தொழிற்சாலையின் எந்த வகைத் தேயிலை எவ்வளவுக்குப் போனது என்பது வாரக் கடைசிக்குள் எழுத்தில் வந்துவிடும். ஆடி, ஆவணியில் கச்சான் காற்று மலையைத் தாண்டி வீசி இலையை உலர்த்தும்போது ஊவாத் தேயிலைக்கு ஒரு தனி வாசம் ஏறும். அந்த வாசத்துக்கு யார் எவ்வளவு கூடுதலாகக் கொடுத்தார் என்பதுகூட ஒளிவுமறைவில்லாமல் தெரியும்.

இந்த வெளிச்சம் யாருக்கு என்பது பழைய கதை. தம்பேதன்னைத் தோட்டத்தைத் தோமஸ் லிப்டன் வாங்கியது 1890இல். கோப்பி நோயில் விழுந்து கிடந்த தோட்டங்களை மலிவாகப் பிடித்தவர், இலண்டன் தரகர்களைத் தவிர்த்துவிட்டு, நிறையும் விலையும் தெரியும் பொட்டலமாகத் தேயிலையைக் கட்டி நேரே கடைக்குக் கொண்டுபோனார். அதே 1890 ஜூலையில்தான் அமெரிக்கா ஷெர்மன் சட்டத்தை நிறைவேற்றி ஏகபோகங்களுக்கு எதிரான போட்டிச் சட்டத்தைத் தொடங்கியது. பிரித்தானியத் தொழிலாளி கையில் எடுத்த பொட்டலத்தின் நிறை அவருக்கு உறுதியாகத் தெரிந்தது. அந்தக் கொழுந்தைப் பறித்தவர் கையில் அந்த நாட்களில் இருந்தது துண்டு.

துண்டு என்றால் என்ன என்று இளையவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தியாவிலிருந்து கூட்டிவந்த செலவு, முன்பணம், கங்காணியின் கடைக் கடன் எல்லாவற்றையும் கூட்டி எழுதிய சீட்டு அது. இன்னொரு தோட்டத்துத் துரை அந்தத் தொகையைக் கட்டினால் ஆட்களைக் கூட்டிப் போகலாம். தொழிலாளிக்குத் தெரியாத கணக்கு, தொழிலாளியின் பெயரில் ஒரு துரையிடமிருந்து இன்னொரு துரைக்குக் கைமாறும். இரண்டு துரைமாருக்கும் விலை வெளிப்படை. விலை ஒட்டப்பட்டவருக்கு மட்டும் இல்லை. 1921இன் 43ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் துண்டை ஒழித்தது. 1927இன் 27ஆம் இலக்கச் சட்டம் இந்தியத் தொழிலாளருக்கு ஆகக்குறைந்த கூலியைக் கொண்டுவந்தது. மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, பிள்ளைக்கு 32 என்று நிர்ணயமானது. தோட்டம் கொடுக்கும் அரிசியின் விலைக்கும் அதே சட்டம் வரம்பு கட்டியது. கூலியை ஏற்றி அரிசி விலையில் பிடுங்கிவிடலாம் என்று அன்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. இன்று கூலிக்கு ஒரு சபை, அரிசிக்கு ஓர் அதிகாரசபை; இரண்டும் ஒன்றோடொன்று பேசுவதில்லை.

கூலியின் அண்மைக் கதை எல்லோருக்கும் தெரியும்: 2021இல் 1,000, 2024 மே தினத்தில் அறிவித்த 1,700, ஜூலையில் உயர் நீதிமன்ற இடைக்காலத் தடை, பின் சம்பள நிர்ணய சபையில் 1,350, 2026 ஜனவரி முதல் 1,550, அதோடு வரவுக்கு அரசு தரும் 200. இந்த எண்களுக்காக நடந்த போராட்டங்களை நான் சிறிதாக்கவில்லை. ஆனால் எண்ணை வென்ற பிறகு அது கொழுந்து மடுவத்தில் என்னவாகிறது? அன்றைய கிலோக் கணக்கு எட்டாவிட்டால் அரைப்பேர். தராசில் ஏறிய கூடையிலிருந்து தண்ணீருக்கு என்று ஒரு கழிவு, சாக்குக்கு என்று ஒரு கழிவு. வெயிலில் பறித்த இலைக்கும் சில இடங்களில் அதே தண்ணீர்க் கழிவு. வியாபாரத் தராசுகளைச் சரிபார்த்து முத்திரையிட 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டு அலகுகள் சட்டம் இருக்கிறது. தராசு சரியாகவே இருக்கும். முள் காட்டியதற்கும் கொப்பியில் ஏறியதற்கும் நடுவே எழுதுகிற கை ஒன்று இருக்கிறதே, அதற்கு முத்திரையில்லை. அந்த இடத்திலும் கேட்க வேண்டியவள் கூடையை இறக்கிவைத்த பெண்தான்.

அதே கொழுந்து தோட்டத்துக்கு வெளியே, சிறு தோட்டக்காரரின் அரை ஏக்கரில் முளைத்தால் சட்டம் வேறு முகத்தோடு வருகிறது. 1957இன் தேயிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் பச்சைக் கொழுந்துக்கு 'நியாய விலை' என்று ஒரு சூத்திரம் உண்டு. தொழிற்சாலை தேயிலையை விற்றுப் பெற்ற தேறிய சராசரியில் 68 பங்கு கொழுந்து கொடுத்தவருக்கு, 32 பங்கு தொழிற்சாலைக்கு. உலகத்தில் எத்தனையோ பயிர்க்காரர்களுக்குக் கிடைக்காத பாதுகாப்பு இது. ஏல விலை திறந்திருப்பதால் கணக்கைச் சரிபார்க்கவும் முடியும். வெலிமடையில் உருளைக்கிழங்கு போட்டவர் கெப்பெட்டிபொல பொருளாதார மையத்துக்கு மூட்டை கொண்டுபோகும் அதிகாலையில், இன்று என்ன விலை என்பதைத் தன் விருப்பப்படி சொல்ல முடியாது. அவருக்கு 68ம் இல்லை, 32ம் இல்லை. துறைமுகத்தில் வரி குறைந்து கப்பல் கிழங்கு இறங்கினால் அவர் கதை அன்றோடு முடிந்தது.

ஆனால் 68 பங்கு எதன் மேல்? விலையின் மேல். எத்தனை கிலோ என்பதை யார் சொல்வது? அந்தக் கேள்விக்குத்தான் என் சித்தியின் கதை.

சித்தப்பா பென்ஷன் பணத்தில் வாங்கிய துண்டுக் காணியில் தேயிலை போட்டிருந்தார்கள். கொழுந்து ஏற்ற ஒரே ஒரு லொறிதான் அந்தப் பாதையில் வரும். வீதியோரத்தில் தொங்கு தராசில் நிறுத்து, லொறிக்காரப் பையன் தன் புத்தகத்தில் எழுதிக்கொண்டு போவான். மாதக் கடைசியில் காசு வரும், சீட்டு வராது. சித்தி தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு படித்தவர். ஒவ்வொரு நாளும் தராசில் பார்த்த கிலோவை அடுப்படிக் கலண்டரில் அந்தந்தத் திகதிக் கட்டத்துக்குள் பென்சிலால் குறித்துவைப்பார். மாதத்துக்கு மாதம் கலண்டருக்கும் காசுக்கும் இருபது, முப்பது கிலோ இடிக்கும். கேட்டார். "தண்ணீர் கழிவு, அக்கா" என்று பதில் வந்தது. இரண்டாம் முறை கேட்டதற்கு லொறி இரண்டு நாள் நிற்காமல் போய்விட்டது. பறித்த கொழுந்து சாக்கிலேயே சூடேறிக் கறுத்தது. அதற்குப் பிறகு சித்தி கேட்கவில்லை. குறிப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் பதுளை மாவட்டத்து வீதிகள் மண் சரிந்து அடைபட்டன. ஒரே கடையும் ஒரே வண்டியும் உள்ள இடங்கள் எவ்வளவு விரைவில் தீவாகின்றன என்பதை அந்த நாட்களில் எல்லோரும் பார்த்தோம். சித்தியின் கதை அதற்குச் சில வருடங்கள் முந்தியது. அவர் பாதை எப்போதுமே அப்படியொரு தீவுதான். வர்த்தமானிகளோ உயர்த்தப்பட்ட தண்டமோ அங்கே எதையும் மாற்றவில்லை. மாற்றியது வேறு. கீழ்ப் பாலம் திருத்தி அகலமாக்கியதும் வேறொரு தொழிற்சாலையின் லொறி அந்தப் பாதைக்கு ஏறத் தொடங்கியது. முதல் வாரம் சித்தி பாதிச் சாக்கை அதற்கும் பாதியைப் பழைய லொறிக்கும் போட்டார்.

மூன்றாம் வாரம் பழைய லொறிக்காரப் பையன் ஒரு சீட்டுப் புத்தகம் கொண்டுவந்தான். கார்பன் தாள் வைத்தது. திகதி, மொத்தக் கிலோ, கழிவு, தேறிய கிலோ என்று நான்கு கோடுகள். சித்தி கேட்கவில்லை, அவனாகவே கிழித்து நீட்டினான். சித்தி அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார். பிறகு உள்ளே போய்க் கலண்டரை எடுத்துவந்து, அன்றைய கட்டத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். 

"கழிவு ரெண்டு கிலோவா?" என்றார். "இன்னைக்கு நல்ல வெயில் தம்பி."

பையன் பேனாவை எடுத்து இரண்டை ஒன்றாக்கினான்.